கதவுக்கு வெளியே நின்ற ஆள்

பெரியபட்டினம்
சனிக்கிழமை

கண்ணான மகன் ஹசன் அலிக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் நான் சுகமாக இருக்கிறேன், தோஹாவில் நீயும் மருமகள் மாஷிதாவும் பிள்ளையும் அப்படியே இருக்க துஆச் செய்கிறேன். உம்மாவுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, மற்றதைப் போனில் சொல்ல முடியாது, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், பதறாமல் படி. ராமநாதபுரத்து டாக்டர் இது அல்சைமர் என்கிற மறதி நோய்தான் என்று சொல்லிவிட்டார். ஆட்கள் இப்போது அதிக நாள் வாழ்கிறார்கள், கூடவே இதுவும் பெருகுகிறது, முன்பெல்லாம் எப்போதாவது ஒருவர் வருவார், இப்போது வராத நாளே இல்லை என்றார். நம் தெருவையே பாரேன், பிள்ளைகளெல்லாம் வளைகுடாவில், வீட்டுக்கு வீடு நாங்கள் கிழடுகள்தான் காவல், இன்னும் இரண்டு வீட்டில் இதே கதை, வெளியே தெரிந்தால் பைத்தியம் என்பார்கள் என்று மூடி மறைக்கிறார்கள். எனக்கு அந்த வெட்கம் நேற்றோடு போய்விட்டது.

நேற்று ஜும்மா முடிந்து வந்தால் கதவு உள்ளே தாழ் போட்டிருக்கிறது. தட்டினேன். உம்மா ஜன்னலுக்கு வந்து என்னைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு, வீட்ல ஆம்பளைக யாரும் இல்ல, எங்க வீட்டுக்காரவுக தம்மாம்ல இருக்காக, பெறகு வாங்க என்று சொல்லி ஜன்னலையும் சாத்திவிட்டாள். நான் சவூதியை விட்டு வந்து எத்தனை காலம் ஆயிற்று, அவளுக்கு நான் இன்னும் ஊர் வந்து சேரவில்லை. நான்தான்டி என்று கத்தக் கத்த உள்ளே அழ ஆரம்பித்தாள். அதற்குள் அடுப்பில் எண்ணெய் கருகும் வாடை, சமையல்கட்டிலிருந்து புகை வருகிறது. பக்கத்து வீட்டு அகமது கபீர் ஓடிவந்து, கதவ ஒடச்சிருவோம் மச்சான் என்றான். இரண்டு ஆண்கள் கதவை உடைத்துக்கொண்டு போனால் அவள் உயிர் அங்கேயே போய்விடும் என்று அவனைப் பிடித்துக்கொண்டேன். வேறு வழி தெரியாமல் கொல்லைப்பக்கம் போய் நின்று அவள் போனுக்கு அடித்தேன். எடுத்தாள். அலோ என்றதுமே குரல் தெரிந்துவிட்டது, சாப்டீகளா என்று கேட்டாள். சாப்டேன், நீ மொதல்ல அடுப்ப அமத்து என்றேன். சரிங்க என்று போய் அணைத்துவிட்டு வந்து, யாரோ ஒரு ஆளு வாசல்ல நின்னு கத்துறாரு, எனக்குப் பயமா இருக்கு, நீங்க எப்ப வருவீக என்றாள். அந்த ஆளை நான்தான் அனுப்பினேன், நல்ல மனுசன், கதவைத் திற என்று என் பெண்சாதியிடம் எனக்கு நானே சிபாரிசு செய்தேன். திறந்தாள். முக்காடு விலகாமல் முன்னறையில் தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, அழுதேன். அந்தி மகரிபு தொழுகைக்குப் பிறகு தானாகவே வந்து, எப்ப வந்தீக என்று கேட்டாள். நாளை எப்படியோ. தாழ்ப்பாளைக் கழற்றலாம் என்றால், தாழ் இல்லாத வீட்டில் அவள் கண் மூடமாட்டாள்.

நீ பேசும்போது, வாப்பா வீட்டில்தானே இருக்காக என்று அவளிடம் வாதாடாதே, மாஷிதாவிடமும் சொல். பிள்ளைக்கு என் முத்தம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் அந்த ஆயுள் முழுக்க நினைவையும் தரட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே மகனே, போனில் என் குரலும் அவளுக்குத் தெரியாமல் போகும் நாள் வரும். அன்று வெளியே நின்று உன்னைத்தான் கூப்பிடுவேன், எந்த வேலையில் இருந்தாலும் எடு. எடுத்து, உம்மாவுக்குப் போன் அடித்து, வாசலில் நிற்பவரை நம்பலாம் என்று சொல்.

இப்படிக்கு
உன் வாப்பா
அப்துல் ஹமீது