ஊர்ப் பக்கம் எதிர்க்காற்று

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
1937, ஆடி மாதம்

அன்புள்ள வீரம்மாவுக்கு,

கடவுள் புண்ணியத்தில் நான் சுகம். உன் இருமல் நின்றதா?

ஆகாய விமானத்தில் ஏறி அப்படியே நின்றால், பூமி சுற்றி நம் ஊர் அப்பாவுக்குக் கீழே வந்துவிடாதா என்று பிள்ளை புஷ்பவல்லி உன் கடிதத்தில் கேட்டிருந்தாள். விமானத் திடலில் எண்ணெய் ஊற்றும் எனக்கு அது தெரியவில்லை. மெக்கானிக் வேலாயுதம் அண்ணனைக் கேட்டேன்.

"காத்தும் பூமியோட சேர்ந்துதான் சுத்துது. மேல நின்னாலும் கீழ கோலாலம்பூர்தான் இருக்கும்" என்றார்.

மறுநாள் சோதனை ஓட்டத்தில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். பயப்படாதே, பத்திரமாக இறங்கிவிட்டேன். கிள்ளான் கடற்கரை வரை, நம் ஊர் இருக்கும் மேற்குத் திசையில் போகும்போது எதிர்க்காற்று. விமானம் நகர மறுத்தது. திரும்பும்போது அதே காற்று தள்ளிவிட, சீக்கிரமே வந்துவிட்டோம்.

"நம்ம ஊர்ப் பக்கம் போறதுதான் கஷ்டம்" என்று அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு மனம் குறுகிவிட்டது. இயந்திர வேலை பழகும் ஆசையில் இந்த வருஷ லீவை வேண்டாமென்றவன் நான். எந்தக் காற்றும் என்னைத் தடுக்கவில்லை.

பிள்ளைக்குப் பாவாடை தைக்கக் கொடுக்கவேண்டும். எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நூலில் அவள் உயரத்தை அளந்து உறைக்குள் வைத்து அனுப்பு. தபால் கட்டப்போகிறார்கள், நிறுத்துகிறேன்.

சின்னையா