ஒரு கோடு டவரில் போகும் எழுத்து

பாய்,

கோணல்மாணலான இந்த எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வரியை நேராகத்தான் தொடங்குகிறேன், முடியும்போது அது சரிவில் இறங்கிவிடுகிறது. டீ ஃபேக்டரி அடுப்புக்கு விறகு தள்ளிப் பழகிய கை, பேனாவையும் விறகு மாதிரியே இறுக்கிப் பிடிக்கிறது. இந்தப் பக்கத்தை எழுதுவதற்குள் இரண்டு தடவை டீ போட்டுக் குடித்துவிட்டேன். ஆனாலும் யாரையும் எழுதித் தரச் சொல்லவில்லை.

இன்று உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு நோட்டீஸ். இன்டர்நெட் கம்பெனி வேன் ஒன்று மைக் கட்டிக்கொண்டு எங்கள் தோட்டத்து லயத்து வரிசைக்கு வந்து, வீட்டுக்கு வீடு வழவழப்பான காகிதம் கொடுத்துவிட்டுப் போனது. மேலே வேகம், மின்னல், புலி என்று பெரிய பெரிய எழுத்து. நான் அடியில் எறும்பு ஊர்வது போலிருந்த வரியைத்தான் முதலில் படித்தேன். இடத்தையும் வானிலையையும் பொறுத்து வேகம் மாறும் என்று போட்டிருந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். "பெரிய எழுத்து அவன் விக்கறதுக்குங்கண்ணா, சின்ன எழுத்துதான் நம்ம ஊட்டுக்கு வர்றது" என்பீர்கள். அன்றைக்கு எனக்குப் பெரியதும் தெரியாது, சின்னதும் தெரியாது.

உங்களை முதலில் பார்த்தது ஃபேக்டரியில்தான். தேவர்சோலை பஜாரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர் என்று மேஸ்திரி சொன்னார். விடாத மழைக்காலம். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பச்சைப் பலகைகள் நனைந்துபோனதைத் துணியில் சுற்றிக் குழந்தையைத் தூக்குவது போலக் கொண்டுவந்தீர்கள். டிரையர் வாயில் வைத்து உலர்த்த வேண்டும் என்றீர்கள். அங்கே வைத்தால் அப்பளம் ஆகிவிடும் என்று சொல்லி, மாடியில் கொழுந்து வாட்டும் இடத்துக்குக் கூட்டிப் போனேன். இளஞ்சூட்டுக் காற்றில் கொழுந்துக்குப் பக்கத்தில் அவற்றைப் பரப்பி வைத்தோம். சாயங்காலம் எடுக்க வந்தவர் ஒன்றை மோந்து பார்த்து, இனி இந்தக் கம்ப்யூட்டர் டீ வாசனையோடுதான் வேலை செய்யும் என்றீர்கள். அதன் பிறகு மழைக்காலம் முழுவதும் நீங்கள் எங்கள் மாடிக்கு வந்துகொண்டிருந்தீர்கள்.

இலங்கையில் கடைக்காரரை முதலாளி என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பழக்கத்தில் உங்களையும் அப்படிக் கூப்பிட்டேன். "கரண்ட் பில்லுக்குப் பயந்து பகல்ல லைட்டு போடாதவன் முதலாளியாங்க?" என்று கேட்டீர்கள். அன்றிலிருந்துதான் பாய்.

உங்கள் கடையில் சாமான் வாங்கியவர்களைவிட, வாங்க வந்து வாங்காமல் போனவர்கள் அதிகம். பனி படக்கூடாது என்று கம்ப்யூட்டரைப் பிளாஸ்டிக் உறையால் மூடி வைத்தவர்களைக் கண்டால் உங்களுக்குக் கோபம் வரும். உறைக்குள்ளே அது வேர்த்துச் சாகும், அதற்கு விறகடுப்புப் பக்கத்தில் வைத்தாலே மேல் என்பீர்கள். ஓடுகிறதைத் தொடாதே, புதுசு வந்தது என்பதற்காகப் பழசு கெட்டுப்போகாது, நெட்டு கனெக்‌ஷன் வாங்கும் முன் ஏற்கெனவே வாங்கிய பக்கத்து வீட்டுக்காரரின் முகத்தைப் பார் என்றெல்லாம் சொல்வீர்கள். கேட்டவர்கள் சிரித்துவிட்டு ஊட்டிக்குப் போய் புதுசாக வாங்கி வருவார்கள். மறு மழைக்கு அதே சாமானை உங்களிடமே தூக்கி வருவார்கள். நீங்கள் ஒன்றும் சொல்லிக் காட்டாமல் பீரோவைத் திறப்பீர்கள். ஃபேக்டரி நின்ற பிறகு அந்த மரப் பீரோவுக்குள் ஈரம் காய எப்போதும் ஒரு குண்டு பல்பு எரியும். அதுதான் உங்கள் வாட்டும் மாடி.

ஃபேக்டரி நின்ற கதை உங்களுக்குத் தெரியும். கொழுந்து விலை விழுந்துகொண்டே போனது. பறிக்கும் கூலிக்கே கட்டாது என்று சின்னத் தோட்டக்காரர்கள் கொழுந்தைச் செடியிலேயே விட்டார்கள். லயத்தில் பாதிக் காம்பரா வீடுகள் பூட்டிக் கிடந்தன. என் மகளும் மருமகனும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். என் மனைவி அதற்கு முன்பே மண்ணுக்குள் போய்விட்டாள். நான் தனி ஆள்.

மகள் டச் போன் ஒன்று வாங்கித் தந்துவிட்டுப் போயிருந்தாள். கூப்பிட்டால் பாதியில் அறுந்துவிடும், எழுதவும் தெரியாது என்பதால் பேசி அனுப்புவேன். நான் பேசியது இந்தப் பனிமூட்டத்தில் சுற்றிக்கொண்டே நிற்கும், போகாது. அங்கே அவள் பயந்துபோவாள். கடைசியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "தினம் காலைல ஒரு சேதி வரணும்ப்பா. வரலேன்னா நான் வந்து உங்களக் கூட்டிட்டுப் போயிருவேன். அப்புறம் மலைக்கு விடமாட்டேன்."

நான் ஒருமுறை இலங்கையிலிருந்து கப்பலேறி ஊரை விட்டவன். இன்னொரு முறை என்னால் முடியாது. இன்னும் பெரிய போனாக வாங்கித் தொலைக்கலாம் என்று உங்கள் கடைக்கு வந்தேன். நீங்கள் தரவில்லை.

"போன் பெருசானா டவர் பெருசாகுமாங்கண்ணா? உங்க குரல் மூட்டை மாதிரி, இந்த ஒத்தக் கோட்டு டவர்ல ஏறாது. எழுத்து இலை மாதிரி, போயிரும். நீங்க எழுதக் கத்துக்கங்க."

இந்த வயதிலா என்றேன். "உங்க வயசுக்கு மேல ஆன ரேடியோவெல்லாம் என் கையில பேசியிருக்குங்கண்ணா" என்றீர்கள். தமிழ் எழுத்து வரும் பழைய பட்டன் போன் ஒன்றைத் தேடி எடுத்துச் சரிசெய்து தந்தீர்கள். ஈரக் கைக்குப் பட்டன்தான் கேட்கும் என்றீர்கள். எழுத்துச் சொல்லித் தந்தது, தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் புள்ளக்காம்பரா டீச்சர். பிள்ளைகளைத் தாய்மார் கூட்டிப் போன பிறகு, அதே குட்டைப் பலகையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். முதல் தடவை 'அப்பா நலம்' என்று அனுப்பியபோது, மகள் உடனே கூப்பிட்டு யார் தட்டித் தந்தது என்று கேட்டாள். நான்தான் என்றேன். 

பிறகு அந்தப் பெருங்காற்று. மரம் விழுந்து கரண்ட் போய், டவரும் செத்தது. சேதி அனுப்பாமலே ஒரு காலை போனது. மறு காலையும் போகப்போகிறது. மகள் கிளம்பிவிடுவாள் என்று உங்கள் கடைக்கு ஓடி வந்தேன். நீங்கள் ஷட்டரை இழுத்து மூடிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தீர்கள். மழையில் நாடுகாணி வரைக்கும் போனோம். வளைவில் நிறுத்தி, கீழே கேரளாவைக் காட்டி, "அங்கத்த டவர் இங்க எட்டும்" என்றீர்கள். எட்டியது, ஒரே ஒரு கோடு.

என் விரல் விறைத்திருந்தது. போனை உங்களிடம் நீட்டினேன். நீங்கள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டீர்கள்.

"நான் தட்டுனா அது என்னோட சேதிங்கண்ணா. அப்பனுக்கு என்னமோ ஆயிருச்சு, வேற ஆளு தட்டறான்னுதான் அந்தப் புள்ள நினைக்கும். நீங்களே தட்டுங்க, நான் குடை புடிக்கறேன்."

தட்டினேன். 'நலம். காற்று. டவர் இல்லை.' போய்விட்டது. பதில் வரும்வரை குடைக்குள் இருவரும் நின்றோம். வந்ததை நானே எழுத்துக் கூட்டி உங்களுக்கு வாசித்துக் காட்டினேன்: 'மேட்டுப்பாளையம் வந்துட்டேன். சோறு ஆக்கி வைங்க. சாப்பிட்டுட்டுத் திரும்பிப் போறேன்.' நீங்கள் சிரித்த சிரிப்பில் குடை சாய்ந்து இருவரும் நனைந்தோம். வந்தாள், சாப்பிட்டாள், போனாள். கூட்டிப் போகும் பேச்சை அதன் பிறகு எடுக்கவே இல்லை.

உங்களைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று தெரியும். திரும்பி வருவீர்கள் என்றுதான் இருந்தேன். உங்கள் வீட்டம்மா உங்கள் போனிலிருந்தே சேதி அனுப்பினார். உங்கள் பெயர் வந்ததும் சந்தோஷமாகத் திறந்தேன். நான் எழுத்தெழுத்தாகப் படிப்பவன். அதில் ஒரு நன்மை இருக்கிறது பாய். கடைசிச் சொல்லுக்கு வந்து சேரும்வரை நீங்கள் எனக்கு உயிரோடு இருந்தீர்கள்.

படிக்கத் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று அன்று மட்டும் நினைத்தேன். மறுநாள் காலை மகளுக்கு வழக்கம்போல எழுதினேன். இன்றைக்கும் எழுதினேன். இன்னும் இதே காம்பராவில்தான் இருக்கிறேன், என் அடுப்பு, என் வாசல். அதைக் கொடுத்தது நீங்கள்.

பக்கத்துக் காம்பரா மாரியாயியின் மகனும் இப்போது திருப்பூரில். அவளும் டீச்சரிடம் போகிறாள். நேற்று போனை என்னிடம் நீட்டி, "அண்ணே, ரெண்டே ரெண்டு வார்த்த, நீங்களே தட்டிருங்க" என்றாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். திட்டிக்கொண்டே உட்கார்ந்து 'மகனே' என்பது வரைக்கும் அடித்துவிட்டாள். அதற்கு மேல் கண் பூத்துவிட்டது என்று போனை மடியில் கட்டிக்கொண்டு எழுந்து போனாள்.

அடுத்த வாரத்துக்குள் மீதியையும் அடித்து அனுப்பிவிடுவாள். மகனிடமிருந்து என்ன பதில் வந்தது என்பதை அன்றைக்கே உங்களுக்கு எழுதுகிறேன்.