இன்ஜின் லேசாக ஓடிய நேரம்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. ஆனால் முதல் வரியே பொய்யாக இருந்தால் அப்புறம் கடைசிவரை அதற்குத் தகுந்தாற்போல எழுத வேண்டியிருக்கும். அதனால் விட்டுவிடுகிறேன். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

தினமும் போனில் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தலையணைக்குப் பக்கத்தில் வைக்காவிட்டால் உன் அம்மா என்னைச் சும்மா விடுவதில்லை. வெளியே எடுத்துப் போய்ப் பேசினால், "எனக்குத் தெரியாம தொரைகிட்ட என்ன ரகசியம்?" என்று விசாரணை ஆரம்பித்துவிடும். இன்னமும் நீ அவளுக்குத் தொரைதான். அவளுக்குத் தெரியாமல் உன்னிடம் சொல்ல எனக்கு வேறு வழி கிடைக்கவில்லை.

ஜெனரேட்டரிலிருந்து ஆரம்பிக்கிறேன். கேனில் பெட்ரோல் தரக்கூடாது என்று பங்கில் போர்டு மாட்டிவிட்டார்கள். வண்டியோடு வந்தால் மட்டும்தான் பெட்ரோல். நான் எந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது? காலமெல்லாம் பஸ் ஓட்டியவன், கடைசியில் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு பங்குக்காரனிடம் கெஞ்சி நின்றேன். அவன் முடியாது என்று தலையை ஆட்டினான். கரண்டு இப்போது பகலில் பாதி நேரம் இருப்பதில்லை. ஆக்ஸிஜன் மெஷின் நின்றுவிட்டால் உன் அம்மாவுக்கு அரை வாக்கியம்கூடப் பேச வராது. அந்தக் கவலையில்தான் அன்றைக்கு உன்னிடம் புலம்பினேன். நீயும் ஜெனரேட்டரைப் பெட்ரோலுக்குப் பதில் சமையல் கேஸில் ஓட்டுகிற சாமான்களை உடனே அனுப்பிவைத்தாய். அதில் ஒரு குறையும் இல்லை. பார்சல் பத்திரமாக வந்தது.

மாட்டிக் கொடுத்தது நம் தெருமுனையில் கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்கிறவர். ஜெனரேட்டரைக் கண்டதும், "இதை நான் தொட்டதே இல்லை, ஆனா கேஸைத் தொடாத நாளில்லை" என்றார். எனக்கு இன்ஜின் தெரியும், அவருக்குக் கேஸ் தெரியும். ஆளுக்குப் பாதியாகச் சேர்ந்து ஒரு முழு மெக்கானிக் ஆனோம். ஏர் ஃபில்டருக்கும் கார்பரேட்டருக்கும் நடுவில் நீ அனுப்பிய, கேஸைக் காற்றோடு கலக்கிற அந்தத் தட்டை வைத்தால் பழைய போல்ட்டு எட்டவில்லை. நீளமான போல்ட்டு தேடி வாங்கி வந்தோம். முதல் நாள் இன்ஜினைக் கிளப்புகிற கயிற்றை இழுத்து இழுத்து என் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். ஒரு தடவை கரும்புகையைக் கக்கிவிட்டு நின்றது. கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்தில் கொஞ்சம் பெட்ரோல் தங்கியிருந்திருக்கிறது. அதை வடித்துவிட்டு, பெட்ரோல் குழாயை அடைத்ததும் சமர்த்தாக ஓடியது. ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்தோம். எங்கும் குமிழி வரவில்லை.

அவர் எனக்கு ஏகப்பட்ட சட்டம் போட்டார். சிலிண்டரைப் படுக்கவைக்கக் கூடாது. இன்ஜின் ஓடும்போது சிலிண்டரில் பனி பூத்தால் கொஞ்சம் ஓய்வு கொடுக்க வேண்டும். புகை உள்ளே போனால் ஆளையே சாய்த்துவிடும், அதனால் ஜெனரேட்டர் வீட்டை விட்டுத் தள்ளிக் கொல்லைச் சுவரோரம்தான் இருக்க வேண்டும், அந்தப் பக்கத்து ஜன்னலும் கதவும் சாத்தியே இருக்க வேண்டும். "ஓடுறப்ப பக்கத்துலயே ஆள் இருக்கணும். வாடை வந்தா வால்வை மூடிட்டுத்தான் மறுவேலை" என்றார். நானும் அப்படியே செய்தேன். கரண்டு போனால் இன்ஜினைக் கிளப்பிவிட்டு, காற்று வரும் பக்கமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு வெளியே உட்கார்ந்துவிடுவேன். உன் அம்மா உள்ளே, மூடிய ஜன்னலுக்குப் பின்னால்.

என் காதைப் பற்றி உனக்குத் தெரியும். பஸ்ஸில் எந்த வால்வு தட்டுகிறது என்று சீட்டில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவேன். இந்த இன்ஜின் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அதன் சத்தம் லேசாகிவிடும். பாரம் இறக்கிய வண்டி மாதிரி சுகமாக ஓடும். கேஸ் நன்றாகக் கலந்து இன்ஜினுக்குப் பழகிவிட்டது, கேஸைக் கூட்டிக் குறைக்கிற திருகாணியை நான் வைத்த இடம் அப்படி என்று நினைத்தேன். கேஸும் அடுப்புக்காரர் சொன்னதைவிடக் கூடுதல் நாள் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று போனில் உன்னிடம் பீற்றிக்கொண்டேனே, நினைவிருக்கிறதா? நீயும் சிரித்து, "அப்பா, நீங்க எங்க கம்பெனிக்கே வந்துடுங்க" என்றாய். உன் அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அடுப்புக்காரரிடமும் பெருமையடித்தேன். அவர் நம்பவில்லை. "அவ்வளவு நாள் வராதே, எங்கயோ கணக்கு ஒதைக்குதே" என்று நேரிலேயே வந்துவிட்டார். அப்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "இது சும்மா ஓடுற மாதிரி இருக்கு. உள்ளே என்ன ஓடுதுன்னு பார்க்கலாமா?" என்றார். இரண்டு பேரும் உள்ளே போனோம்.

மெஷின் ஓடவில்லை. மின்விசிறியும் ஓடவில்லை. மூக்கில் இருக்க வேண்டிய குழாய் தலையணைமேல் கிடந்தது. உன் அம்மா கட்டில் விளிம்பில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. சுவிட்சை அவளே அணைத்திருக்கிறாள். அன்றைக்கு மட்டுமல்ல, நான் வெளியே போய் உட்கார்ந்த ஒவ்வொரு தடவையும். என் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது, நான்தான் அதை மெச்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதை எழுதும்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த நிலையிலும் வந்தவரைப் பார்த்து, "சொல்லிட்டு… வரக்கூடாதா" என்று முந்தானையைச் சரிசெய்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டார். நான் குழாயை மாட்டி சுவிட்சைப் போட்டேன். மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும், கேஸை மிச்சம் பிடித்தேன் என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறிக் கத்திவிட்டேன். நான் கத்தி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "கேஸுக்காக இல்லீங்க. எனக்குப் போதும்னு இருக்கு."

டாக்டர் சொன்னதை உனக்கு முழுதாக நான் சொல்லவில்லை. நுரையீரல் இனித் தேறாது. மெஷின் குணப்படுத்துவதற்கு அல்ல, இருக்கிற நாட்களை ஓட்டுவதற்குத்தான் என்றார். அவர் அதை உன் அம்மாவுக்கு எதிரிலேயே சொன்னார். அவள் அங்கேயே முடிவு கட்டிவிட்டாள் என்று இப்போது தோன்றுகிறது. சுவிட்ச் விஷயம் தெரிந்ததற்கப்புறம் ஒரு நாள், நான் அவளுக்குத் தலை வாரிவிடும்போது என்னிடம் கேட்டாள். "ஒரு நாளைக்கு நீங்களே அதைக் கிளப்பாம இருந்துடுங்களேன். நான் அணைச்சா திருட்டுத்தனமா இருக்கு." பால் வாங்கிவரச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டாள்.

அன்று முதல் எனக்கு நிம்மதி இல்லை. வெளியே இருந்தால் உள்ளே என்ன செய்கிறாளோ என்று பயம், உள்ளே இருந்தால் வெளியே கேஸ் கசிகிறதோ என்று பயம். சத்தம் துளி மாறினாலும் ஓடுகிறேன். போய்ப் பார்த்தால் குழாய் மூக்கில்தான் இருக்கும். "ஓடி வராதீங்க, விழுந்து வைப்பீங்க" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நேற்று மத்தியானம் கரண்டு போனது. கொல்லைக்குப் போனேன். வால்வைத் திறந்தேன், கயிற்றைப் பிடித்தேன். கை இழுக்கவில்லை. சிலிண்டரில் கேஸ் இருக்கிறது, இன்ஜின் சரியாக இருக்கிறது, என் தோளிலும் வலு இருக்கிறது. ஆனாலும் அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று உனக்கு எழுதமாட்டேன். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவள் என்னைக் கூப்பிடவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. இழுத்தேன், ஓடியது. உள்ளே போனபோது வியர்த்துக் கொட்டியபடி படுத்திருந்தாள். "கயிறு சிக்கிக்கிச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சரி என்று தலையசைத்து, என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கயிறு சிக்கவில்லை என்று அவளுக்கும் தெரியும்.

இதைவிடப் பெரிய ஜெனரேட்டர் ஒன்று அனுப்புகிறேன் என்று சொன்னாயே, அது வேண்டாம். வேறு எந்தச் சாமானும் வேண்டாம். இதைப் பற்றிப் போனில் அம்மாவிடம் ஒன்றும் கேட்டுவிடாதே. லீவு கிடைப்பது கஷ்டம் என்று தெரியும், எப்படியாவது கேட்டு வாங்கிக்கொண்டு நீ வா. வந்து அவளைத் தடுத்தாலும் சரி, அவள் பக்கம் பேசினாலும் சரி. அவள் கேட்பதைக் கொடுக்கவும் என்னால் முடியவில்லை, முடியாது என்று மறுக்கவும் வாய் வரவில்லை. இவ்வளவு பெரிய காரியத்தை என் ஒருவன் கையில் விட்டுவிடாதே.

உனக்கு எப்போது எழுதினாலும் நீண்ட ஆயுளோடு இரு என்றுதான் முடிப்பேன். இன்று அதை எழுதக் கை வரவில்லை. நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு இரு, மகனே. சீக்கிரம் வா.

இப்படிக்கு,
உன் அப்பா