நீ கேட்ட ஏச்சு

தம்பி,

இன்று காலை அலுமாரியை ஒதுக்கும்போது பழைய சீலைகளுக்கு அடியிலிருந்து உன் முகம் கையில் வந்தது. ஆஸ்பத்திரியில் உனக்கென்று அச்செடுத்த வெள்ளை வலை முகமூடியைத்தான் சொல்கிறேன். உன் கோணல் மூக்கும் முன்னுக்குத் தள்ளிய நாடியும் அப்படியே இருக்கின்றன. கண்களுக்கும் வாய்க்கும் வெட்டிய மூன்று ஓட்டைகளும் இருக்கின்றன. எறிந்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். எறிய மனம் வராமல் நிலத்தில் குந்தி, அதோடு ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்தேன்.

தமிழ்நாட்டு அகதி முகாமில் புருசனைப் பறிகொடுத்து, இருபது வருசம் கழித்து நான் நம் ஊர் நானாட்டானுக்குத் திரும்பி வந்தபோது, நீ தகரக் கொட்டில் ஒன்றில் தனியாக இருந்தாய். இடைப்பட்ட காலத்தில் உனக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. வயல் விதைக்கலாமா, கட்டுக்கரைக் குளத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, இதுதான் நம் பேச்சு. அடுத்த வருசமே உன் கழுத்தில் கட்டி தெரிந்தது. நாக்கின் அடியில் தொடங்கிப் பரவிவிட்டது, முழுதாகச் சுகமாக்க முடியாது என்றார் டொக்டர். ஆனால் கரண்ட் பிடித்தால், அதுதான் அந்தக் கதிர் வைத்தியம், கட்டி சுருங்கும், விழுங்கலாம், மூச்சு விடலாம், கொஞ்சக் காலம் கூடுதலாக இருக்கலாம் என்றார்.

அந்தக் கொஞ்சக் காலத்துக்காகத்தான் இரவு பகலாகப் பஸ் ஏறித் தெற்கிலுள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனோம். முதல் நாளே எல்லாம் நாசமாய்ப் போனது. உன்னை மேசையில் படுக்கவைத்து, தலை அசையாதிருக்க முகமூடியை மேலே வைத்து, நான்கு பக்கமும் பூட்டினார்கள். நீ மாடு மாதிரி அலறினாய். பூட்டைப் பிய்த்து எழும்பி, பக்கத்தில் நின்ற சிங்கள ஊழியரின் வாயில் குத்தினாய். நரைத்த மீசையில் இரத்தம் வழிய அவர் சுவரோடு சாய்ந்தார். கதவடியில் நின்ற நான் ஓடிவந்து, எல்லாருக்கும் முன்னால் உன் வலது கன்னத்தில் அறைந்தேன்.

“வெட்கம் கெட்டவனே! நெல்லு மூட்டை தூக்கிற ஆம்பிளை, ஒரு வலைக்குப் பயப்பிடுறியோ?”

“வீட்ட போவம் அக்கா” என்றாய். பஸ்ஸில் மதவாச்சி தாண்டும்வரை முகத்தை யன்னலுக்கு வெளியே நீட்டி வைத்திருந்தாய்.

எனக்கு உன் மேல் அப்படி ஒரு ஆத்திரம். கரண்ட் வேண்டாமென்றால் விடு, சாப்பாட்டால் இந்தக் கட்டியைக் கரைக்கிறேன் பார் என்று கச்சை கட்டினேன். முகாமில் ஒருத்தி பப்பாசி இலைச்சாறு குடித்தே சுகமானாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். டவுனில் மூலிகை விற்கிற ஒருவர் தாளில் எழுதியும் தந்தார். சோறு கூடாது, சீனி கூடாது, மீன் கூடாது, உப்பு கூடாது. அதை வேதவாக்காக எடுத்தேன். மூன்று வேளையும் அந்தக் கைப்புச் சாறு. நீ எலும்பும் தோலுமாக ஆக ஆக, கட்டிக்குத் தீனி கிடைக்கவில்லை என்று எனக்குள் சந்தோசப்பட்டேன். என்ன மடைச்சி நான்!

அயல் வீட்டுப் பிள்ளை ஒருநாள் உனக்குப் பிடித்த குளத்து யப்பான் மீனில் தேங்காய்ப்பால் விட்ட சொதி கொண்டுவந்தாள். நீ இரண்டு வாய் குடித்திருப்பாய். நான் கோப்பையைப் பறித்து முற்றத்தில் அடித்தேன். கோப்பை சிதறிப் போனது. நீ அந்த மீன் துண்டை நாய் தின்னுவதையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒரு மத்தியானம் சாறு வேண்டாமென்று வாயை இறுக மூடினாய். எனக்கு விசர் பிடித்துவிட்டது. உன் தலையைக் கதிரையோடு பின்னுக்குச் சரித்து, மூக்கைப் பொத்திப் பிடித்து ஊற்றினேன். “குடியடா, குடிச்சாத்தான் விடுவன்” என்று கத்தினேன்.

நீ என்னைத் தள்ளவில்லை. கைகள் இரண்டையும் நீயாகவே முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், கட்டிவைத்ததுபோல் சேர்த்து வைத்துக்கொண்டாய். இடுப்புச் சாரம் நனைந்து கதிரைக்குக் கீழே மூத்திரம் ஓடியது. உன் கண் என்னைப் பார்க்கவில்லை. நான் கையை எடுத்தேன். பச்சைச் சாறு என் விரலெல்லாம் வழிந்தது.

நான் நிலத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் சொன்னாய்.

“ஆமி பிடிச்சு வைச்சிருக்கேக்க, சொப்பின் பைக்குள்ள பெற்றோல் விட்டுத் தலையில கட்டுவாங்கள் அக்கா. ஒரு மாதம். அதுக்குப் பிறகு முகத்தில என்னத்தையும் வைக்கேலாது.”

“ஏன்டா எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் அழுவியள்.”

மறுநாளே உன்னை இழுத்துக்கொண்டு தெற்குக்குப் போனேன். அதே நரைத்த மீசைக்காரர்தான் இருந்தார். எனக்குச் சிங்களம் தெரியாது. கைப்பையிலிருந்து பொலித்தீன் சொப்பின் பையை எடுத்து என் தலையில் கவிழ்த்து, கழுத்தில் இறுக்கிப் பிடித்தேன். பிறகு கழற்றி உன்னைக் காட்டினேன். அவர் டொக்டரைக் கூப்பிட்டுப் பேசினார். புதிதாக அச்செடுத்த முகமூடியில் கண்ணுக்கும் வாய்க்கும் அவரே தன் கையால் வெட்டினார். கரண்ட் பிடிக்கும்போது உள்ளே வேறு யாரும் நிற்க முடியாது என்பதால், உள்ளே கேட்பதற்கு வெளியறையில் இருந்த மைக்கை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“என்னத்தைச் சொல்ல?” என்று உன்னைக் கேட்டேன்.

“ஏசுங்கோ. அவங்கள் எனக்கு உங்கட மாதிரி ஏசேல்லை. உங்கட ஏச்சுக் கேட்டால் வீட்ட கிடக்கிறன் எண்டு தெரியும்.”

ஏசினேன். ஒவ்வொரு நாளும் ஏசினேன். சின்ன வயதில் நீ வாய்க்காலில் தொலைத்த செருப்பிலிருந்து தொடங்கி, வெற்றிலையும் புகையிலையும் போட்டுக் கெடுத்த உன் வாய்வரை ஒன்றையும் விடவில்லை. “அசையாமல் கிட மூதேவி, நான் கதவுக்கு வெளியிலதான் நிக்கிறன்” என்று முடிப்பேன். நீ அசையவில்லை.

இரண்டு மாதம் முந்தி வந்திருந்தால் கட்டி வைத்தியத்துக்கு இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கும் என்று டொக்டர் சொன்னார். நான் தாளை நம்பித் தின்ற இரண்டு மாதம் அது. இதை உனக்குச் சொல்லவேயில்லை. இப்போது சொல்கிறேன். ஆனாலும் உன் தொண்டை திறந்தது. நாள்தோறும் மீன் சொதி வைத்தேன். “உப்புக் காணாது” என்று நொட்டை சொல்லிச் சொல்லிக் குடித்தாய். ஒரு போகம் விதைத்து அறுக்கும்வரை இருந்தாய்.

கடைசி நாள் மூச்சு இழுத்தபோது பேச முடியாமல் என் வாயைத் தொட்டுக் காட்டினாய். ஏசச் சொல்கிறாய் என்று விளங்கியது. ஊரையே ஏசித் தின்றவள் நான். அன்றைக்கு எனக்கு ஒரு சொல் வரவில்லை. அழத்தான் முடிந்தது. நீ காத்துக்கொண்டிருந்தே போனாய்.

உன் முகமூடியின் வலது கன்னத்தில் என் கையை வைத்திருக்கிறேன். அறைந்த கை இதுதான். இந்தா, இப்போது ஏசுகிறேன், கேள்.

டேய் விசரா, மூதேவி, சொல்லாமல் கிடந்து செத்தவனே. அசையாமல் கிட. நான் கதவுக்கு வெளியிலதான் நிக்கிறன்.