உன் வாப்பா மஜ்லிஸுக்குப் போகாத மாலைகள்

என் கண்ணின் கருமணி அனூதுக்கு உம்மா எழுதிக்கொள்வது. படைத்தவன் அருளால் இங்கே தோஹாவில் எல்லோரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் ஹயாவும் மாஜிதும் சுகமென்று நீ வாயால் சொன்னால் பாதி நம்புவேன், கையால் எழுதினால் முழுக்க நம்புவேன். தினமும் திரையில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இப்போது என்ன கடிதம் என்று நினைப்பாய். நாம் பேசும்போதெல்லாம் உன் வாப்பா என் தோளில் மோவாயை வைக்காத குறையாக வந்து உட்கார்ந்துகொள்கிறாரே, அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி எப்படிப் பேசுவது. அதனால்தான் எழுதி ஒட்டி உன் கல்தம் அத்தை மகன் முஹன்னாவிடம் கொடுத்தனுப்புகிறேன். தன் தம்பி கல்யாணத்துக்கு வந்தவன் மொன்றியாலுக்குத் திரும்புகிறான், உன் கையிலேயே கொடுப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறான். பேரீச்சம்பழமும் நான் இடித்த மசாலாவும் அவன் பெட்டியில் இருக்கிறது, குறைந்திருந்தால் அவனைக் கேள்.

இங்கே வெயில் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, மாலையில் ஜன்னலைத் திறந்து வைக்க முடிகிறது. நீ இருந்தபோது வெறும் மணலாகக் கிடந்த கடற்கரை ஓரமெல்லாம் இப்போது அடையாளமே தெரியாது. மழைக்குக் காளான் முளைத்த மாதிரி கேளிக்கை இடங்கள் முளைத்திருக்கின்றன, நம் ஊரில்தான் மழையும் இல்லையே, இவை எதைக் குடித்து முளைக்கின்றன என்பதுதான் எனக்குப் புரியவில்லை. விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் சாப்பாடு போடும் உணவகம் ஒன்று வந்திருக்கிறது, என்ன போடுகிறோம் என்று தெரியக்கூடாதென்றால் அணைக்கத்தானே வேண்டும். ஐஸ்கிரீமுக்கு மேல் தங்கத் தகடு ஒட்டித் தருகிறார்கள். இறைச்சியும் சோறும் மணக்க மணக்க தாம்பாளத்தில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் மச்பூஸை ஒரு சின்னக் கோப்பையில் அடைத்து மேலே பூ வைத்துத் தருகிறார்கள், பூவைத் தின்பதா எடுத்து வைப்பதா என்று கேட்கக்கூட ஆளில்லை. பனி கொட்டும் கூடம் ஒன்று திறந்தபோது உன் வாப்பா என்ன சொன்னார் தெரியுமா. “காசு குடுத்து நடுங்குறதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம், நம்ம வீட்டு ஃப்ரிட்ஜைத் தொறந்து வெச்சுக்கிட்டு நில்லுங்க” என்றார். துறைமுகச் சுங்கத்தில் காலமெல்லாம் மூட்டை முடிச்சைப் பிரித்துப் பார்த்த மனிதர் அல்லவா, புதிதாக எது வந்தாலும் உள்ளே என்ன ஒளித்திருக்கிறார்களோ என்றுதான் பார்ப்பார். நானும் அதே புத்திதான், அதனால்தான் எங்கள் இருவருக்கும் சரியாக வந்தது.

அப்படிப்பட்டவர் இந்தக் கோடை முடிந்ததும் மாறிப்போனார். அசர் தொழுததும் குளித்து, தாடிக்கு ஊது அத்தர் தடவி, தோப் அங்கியை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு தானே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார், கேட்டால் கூட்டாளி மர்ஸூக் வீட்டு மஜ்லிஸில் ஆண்களோடு உட்காரப் போவதாகச் சொல்வார். ஒருநாள் செருப்பை விட்டுவிட்டு விளையாட்டுப் பையன்கள் போடுகிற வெள்ளைச் சப்பாத்து ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். எதிர் வீட்டு உம் ஸக்ர் கதை உனக்குத் தெரியும், அவள் புருஷன் பேரன் எடுத்த பிறகு இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தாரே, முதலில் மாறியது அவர் சப்பாத்துதான் என்று இன்றைக்கும் சொல்லி அழுகிறாள். அன்று மாலையே மர்ஸூக் ஒரு பெரிய ஹாமூர் மீனோடு வாசலில் வந்து நின்று, “தர்விஷுக்கு உடம்புக்கு என்ன? எங்க மஜ்லிஸ்ல அவன் மெத்தை காலியாவே கெடக்கு, சீட்டாட ஒரு கை கொறையுது” என்று விசாரித்துவிட்டுப் போனார். மீனை வாங்கிக்கொண்டேன். உன் வாப்பா திரும்பி வந்தபோது தோப்பின் மார்பில் சிவப்புக் கறை, கிட்டப் போனால் ஸ்ட்ராபெரி வாசம். “மஜ்லிஸ்ல இப்ப கஹ்வாவுக்குப் பதிலா ஐஸ்கிரீமா ஊத்துறாங்க?” என்று கேட்டேன். கண்ணைக் கூடச் சிமிட்டாமல், “மர்ஸூக் பேரன் கொட்டிட்டான்” என்றார். மர்ஸூக் கொண்டுவந்த மீன் அடுப்பில் வெந்துகொண்டிருந்தது, நான் அதைத் திருப்பிப் போட்டேன்.

உன் கல்தம் அத்தையிடம்தான் போய் அழுதேன். தம்பி என்று பார்க்காமல் நியாயம் பேசுகிறவள் அவள் ஒருத்திதான். “அடி குமாஷா, அறுபதுக்கு மேல ஆம்பளை ஓடுனா ஒண்ணு பள்ளிவாசலுக்கு ஓடணும், இல்ல ஆஸ்பத்திரிக்கு ஓடணும். மூணாவதா ஒரு இடத்துக்கு ஓடுறான்னா அங்க ஒருத்தி இருக்கான்னு அர்த்தம். எந்திரி, முகத்தை மூடு, போவோம்” என்றாள். அவள் வண்டி ஓட்டுவதை நீ பார்த்ததில்லை, இப்போதுதான் உரிமம் வாங்கினாள், அதில் ஏறி உட்காருவதைவிடப் பெரிய கேளிக்கை இந்த ஊரில் இன்னும் யாரும் கட்டவில்லை. கலிமா சொல்லிக்கொண்டே உன் வாப்பா வண்டிக்குப் பின்னால் போனோம்.

முதலில் போனது எங்கே என்று நினைக்கிறாய், அந்தப் பனிக்கூடத்துக்கு. நாங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தோம். தோப்புக்கு மேல் வாடகைக்கு எடுத்த பஞ்சுக் கோட்டு, தலைத்துணிக்கு மேல் கம்பளித் தொப்பி, சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் ரப்பர் வளையத்தில் உட்கார்ந்து சரிவில் சர்ரென்று இறங்கி வருகிறார். கீழே வந்து எழுந்து பனியைத் தட்டிவிட்டு, ஓரத்துக் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு மறுபடி மேலே ஏறுகிறார். “யாருக்கோ காத்துக்கிட்டிருக்கான், நேரம் போகலேன்னு சறுக்குறான்” என்றாள் கல்தம். யாரும் வரவில்லை. அங்கிருந்து அதே கட்டடத்தில் ஓர் உணவகம், சின்னப் பொம்மை ரயில் ஒன்று மேசை மேசையாகத் தண்டவாளத்தில் சாப்பாட்டைக் கொண்டுவந்து இறக்குகிறது. தூணுக்குப் பின்னால் நாங்கள் நின்றோம். இரண்டு சின்னத் தட்டுகள் வரவழைத்தார். ஒரு ஆளுக்கு எதற்கு இரண்டு தட்டு சொல். இரண்டிலும் ஓரத்தில் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்துவிட்டுப் பரிமாறுகிற பெண்ணை அழைத்தார், கைப்பேசியில் ஏதோ படம் காட்டினார், அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். என் ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. கல்தம் என்னை அமுக்கிவிட்டு, கை கழுவப் போகிறவள் மாதிரி அவர்கள் பக்கத்தில் மெல்ல நடந்து போய்விட்டு வந்தாள். முகத்தில் குழப்பம். “வேர்க்கடலையைப் பத்திக் கேக்குறான்டி. என்ன எண்ணெய், வேர்க்கடலை பட்டுச்சா, கரண்டி தனியான்னு கேக்குறான். பொண்ணு பாக்க வந்தவன் வேர்க்கடலையைப் பத்தியா பேசுவான்?” என்றாள். எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும், நம் குடும்பத்தில் வேர்க்கடலை பட்டால் மூச்சடைத்துப்போவது யாருக்கென்று எனக்குத் தெரியாதா. சந்தேகம் கண்ணை மறைத்துக்கொண்டு நிற்கும்போது சொந்தப் பேரன் மாஜித் எங்கே தெரிவான்.

அடுத்து நடந்ததைக் கேள். அங்கேயே உள்ளே ஒரு கோபுரம் இருக்கிறது, நாற்காலியில் ஆளைக் கட்டி உச்சிக்குக் கொண்டுபோய் ஒரே போடாகக் கீழே போடுகிறார்கள். உன் வாப்பா நெஞ்சுக் குழாயில் போன வருடம் வைத்த வலையைப் பற்றி எனக்கு நீ சொல்லித்தான் புரிந்தது, திடுக்கிடுகிற காரியம் எதுவும் ஆகாது என்று மருத்துவரிடம் நீயே பேசிவிட்டு என்னிடம் சொன்னாய். அந்த மனிதர் போய் அந்த நாற்காலியில் உட்காருகிறார். இரும்புப் பட்டை இறங்கித் தோளில் பூட்டிக்கொள்கிறது. நான் பெண்ணையும் மறந்தேன், முகத்திரையையும் மறந்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து பிறத்தியார் முன்னால் அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை நான். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில், “தர்விஷ், எறங்குங்க! அவரை எறக்குங்கடா, நெஞ்சு நோயாளி!” என்று கத்திக்கொண்டே கயிற்றைத் தாண்டி ஓடினேன். நாற்காலி தரையை விட்டு என் தலை உயரத்துக்குப் போய்விட்டது. இயக்குகிற பிள்ளை எதையோ அழுத்தினான், அது அந்தரத்தில் நின்றது. உன் வாப்பா வெள்ளைச் சப்பாத்து தொங்க மேலேயிருந்து என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பயமா வெட்கமா என்று தெரியவில்லை, பிடிபட்ட கடத்தல்காரன் பார்வை, அந்தப் பார்வையை அவரே எத்தனை பேரிடம் பார்த்திருப்பாரோ.

இறக்கி ஒரு பெஞ்சில் உட்கார வைத்தோம். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வேடிக்கை பார்த்தவர்களைக் கல்தம், “என்ன பாக்குறீங்க, உங்க வீட்டுல புருஷன் பொண்டாட்டி இல்லையா?” என்று விரட்டினாள். நான் தண்ணீர் கொடுத்துவிட்டு, “யாரு அவ? அதை மட்டும் சொல்லிட்டு அப்புறம் மயக்கம் போடுங்க” என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “அவளாவது இவளாவது! பேரப்பிள்ளைங்களை ஏத்துறதுக்கு முன்னாடி நான் ஏறிப் பாக்க வேணாமா?” என்று கத்தினார். கத்திவிட்டு முழங்காலைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். கோடையில் நான் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தபோது நீ பேசினாயாம், படிப்பு முடிகிறதே, ஊருக்கு எப்போது வருகிறீர்கள் என்று இவர் கேட்டாராம். “அங்க வந்து பிள்ளைங்க என்ன வாப்பா செய்யும்? கடை கடையா சுத்துறதைத் தவிர அங்க என்ன இருக்கு? இங்க பனி இருக்கு, பூங்கா இருக்கு” என்று நீ சொன்னாயாம். இவர் அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. எங்கே பனி இருக்கிறது, எங்கே கம்பி ஆடுகிறது, எந்தச் சமையலறையில் மாஜிதுக்கு ஆகாதது இருக்கிறது என்று ஊரையே சோதனை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார், பழைய உத்தியோகப் புத்தி. எல்லாம் பார்த்து முடித்துவிட்டு உன்னிடம் சொல்வதாக இருந்தாராம். அந்தப் பரிமாறும் பெண்ணிடம் காட்டியதும் உன் பிள்ளைகள் படம்தான்.

இரண்டாம் கல்யாணச் சந்தேகம் அந்தப் பெஞ்சிலேயே தீர்ந்தது அனூத். ஆனால் என் குணம் உனக்குத் தெரியும், ஒரு சந்தேகம் போனால் அந்த இடம் காலியாக இருக்காது, இப்போது அது உன் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. கல்தம் தன் மகன் முஹன்னாவுக்கு ஹரீஸ் ஊட்டி ஊட்டி அவன் வாயைக் கிளறியிருக்கிறாள். நீங்கள் அங்கே வீடு பார்த்தாகிவிட்டது, பின்னால் ஆப்பிள் மரம், மாப்பிள்ளைக்குப் பிடித்துவிட்டது, உன் ஆஸ்பத்திரியில் உன்னை நிரந்தரமாக இருக்கச் சொல்லிவிட்டார்கள் என்று உளறிவிட்டான். அவனைத் திட்டாதே, என் முகத்தைப் பார்க்க முடியாமல் அவன் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வாப்பாவிடம் நான் சொல்லவில்லை. கல்தமும் சொல்ல மாட்டேன் என்றிருக்கிறாள், அவள் வாயில் ரகசியம் எத்தனை நாள் தங்கும் என்று உனக்கே தெரியும். நான் கேட்பது ஒன்றுதான். நீ பனியில்லை பூங்கா இல்லை என்றது உண்மையான குறையா, இல்லை வர மனமில்லாததை வாப்பாவிடம் சொல்ல வாய் வராமல் பிள்ளைகள் தலையில் வைத்துச் சொன்னதா? குறை என்றால் தீர்த்துக்கொள்ளலாம். சாக்கு என்றால் அதற்கு முடிவே கிடையாது மகளே. நாளைக்கு வெயில் என்பாய், இந்த மனிதர் வெயிலைக் குறைக்க எங்கே போய் ஏறுவாரோ. நீ அங்கேயே இருந்தால் நான் சபிக்க மாட்டேன், உன் கையால் எத்தனை பிள்ளைகள் பிழைக்கின்றன என்று தெரியும். ஆனால் அதை நீயே அவரிடம் சொல்லிவிடு. இல்லை என்ற சொல்லை அவர் நெஞ்சு தாங்கும், அழுவார், மர்ஸூக்கிடம் போய்ச் சீட்டில் தோற்பார், பிறகு தேறிவிடுவார். நீ வருவாய் என்று நம்பி ஒவ்வொரு நாற்காலியாகப் போய் உட்காருவதைத்தான் அது தாங்காது.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் பேரப்பிள்ளைகளுக்கும் இறைவன் நீண்ட ஆயுளையும் நிறைந்த ஈமானையும் கொடுப்பானாக, நீங்கள் எந்த மண்ணில் கால் வைத்தாலும் அது உங்களுக்கு வளைந்து கொடுப்பதாக. குளிர் ஆரம்பித்திருக்கும், ஹயாவுக்குக் காதை மூடு, கருஞ்சீரகத்தைத் தேனில் குழைத்துக் கொடு. போன வெள்ளிக்கிழமை உன் வாப்பா, இனிமேல் ஒளிக்க என்ன இருக்கிறது என்று என்னையும் ஒரு புது இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடலுக்கு அடியில் நடக்கிற மாதிரி கண்ணாடிக் குகை, தலைக்கு மேல் சுறா போகிறது. கண்ணாடியில் விரிசல் இருக்குமோ என்று போகிற வழியெல்லாம் தட்டிப் பார்த்துக்கொண்டே போனேன், இல்லை. முடிவில் ஒரு சின்னப் படகு இருக்கிறது, பிள்ளைகள் ஏறி அமரலாம், ஆனால் வாசலில் சுவரில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள், அந்த உயரத்துக்குக் குறைந்த பிள்ளையை ஏற்ற மாட்டார்களாம். மறக்காமல் மாஜிதைச் சுவரோடு நிறுத்தி அளந்து எழுது. வாப்பா கேட்கச் சொல்லவில்லை, நான்தான் கேட்கிறேன்.

உன்னைத் துஆவில் மறவாத உம்மா,
குமாஷா