பக்கத்து சீட்

கோபம் இன்னும் ஆறாத என் வீட்டுக்காரிக்கு,

உன் அக்கா வீட்டில் உனக்குத் தூக்கம் வருகிறதா?

"ரெண்டு பேருக்கு மேல ஏற முடியாத வண்டி எதுக்கு?" என்று திட்டினாயே, அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் போன மாதம் மேம்பாலத்தில் திடீரென்று நின்றுவிட்டது. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தோளைக் கொடுத்துத் தள்ளி ஓரங்கட்டினேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்களே தவிர, ஒருத்தரும் இறங்கவில்லை.

"டைமிங் பெல்ட் அறுந்துபோச்சு சார். இந்த வண்டிக்கு எஞ்சின் சீட்டுக்குப் பின்னால இருக்கு. பக்கத்து சீட்டைக் கழட்டணும்," என்றார் மெக்கானிக்.

"வேற வழியே இல்லையா?"

"ஏன் சார், அதுல யாராவது உக்காந்திருக்காங்களா?" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

இப்போது வண்டி நன்றாக ஓடுகிறது. ஆனால் நீ போனதிலிருந்து நான் தொடாமல் வைத்திருந்த அந்த சீட்டை, அவர் திரும்ப மாட்டும்போது எங்கேயோ தள்ளி வைத்துவிட்டார். தினமும் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கிறேன். நீ முழங்கால் இடிக்காமல் உட்கார்ந்த இடம் மட்டும் பிடிபடவில்லை.

அது எந்த இடம் என்று எழுதாதே. எழுதினால் எனக்குப் புரியாது.

இப்படிக்கு,
வண்டியைத் தனியாகத் தள்ளியவன்