ரெஜினாவுக்காக ஒரு பூசை

6 ஜூலை 2025, ஞாயிறு

வெற்றிச்செல்வி பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் ஆகிவிட்டாள். இந்த டைரியும் அவள் கொடுத்ததுதான். தென்றல் பத்தாவதில் பள்ளிக்கே இரண்டாவது. விக்கிக்கு அரியலூர் சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீசியன் வேலை நிரந்தரமாகிவிட்டது. மூன்று பேரும் என் மகன் பிள்ளைகள். அஞ்சாவதோடு நின்றவள் நான். இதையெல்லாம் நான் எழுதி வைக்காமல் யார் எழுதுவது? மூவர் போட்டோவும் மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

காலைப் பூசை முடிந்து வந்ததும் விக்கி டிவியில் குத்துச்சண்டை போட்டான். அமெரிக்காவில் அப்போது சனிக்கிழமை ராத்திரியாம். இங்கே நாங்கள் இட்லி சாப்பிடுகிறோம். என் ஆள் பெர்லா. சண்டைக்கு முன் மூலையில் முழந்தாள் போட்டுச் சிலுவை போட்டுக்கொள்வாள். அதைப் பார்த்துத்தான் பிடித்தது. பிறகு அவள் கைவேலையும் பிடித்துப்போயிற்று. இடது கையை ஆட்டிக் காட்டுவாள், வலது கை எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்கவில்லை. ஏன்?

இன்று எதிரே ரெஜினா என்ற மெக்சிகோப் பெண். ஆறாவது ரவுண்டில் நான் எழுந்து நின்றுவிட்டேன். "அடி! வுடாத, அடி!"

ரெஜினா விழுந்தாள். எழவில்லை.

கூட்டத்தில் ஒரு கிழவியைக் காட்டினார்கள். என் வயசு. கையில் ஜெபமாலை. "ரெஜினாவோட அப்பத்தாவாம், அப்பத்தா" என்றான் விக்கி.

அந்த அம்மாளும் நானும் ஒரே மாதாவிடம்தானே கேட்டிருப்போம்?

7 ஜூலை

ரெஜினாவுக்குத் தலையில் ரத்தக் கட்டாம். ஆபரேஷன் செய்தும் கண் திறக்கவில்லை என்று விக்கி போனில் பார்த்துச் சொன்னான். சோறு இறங்கவில்லை.

10 ஜூலை

ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டச் சொன்னார் ஆண்டவர். ரெஜினா இரண்டையும் காட்டிவிட்டாள். அடித்தது பெர்லா. கத்தியது நான்.

13 ஜூலை, ஞாயிறு

பூசையில் நற்கருணை வாங்க எழவில்லை. போன ஞாயிறு ஆண்டவரை வாங்கிய நாக்கு, இரண்டு மணி நேரம் கழித்து "வுடாத" என்றது. இது எந்தப் பாவம்? கொலை இல்லை, களவு இல்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் என்னவென்று சொல்லுவேன்?

"என்னக்கா, கால் வலியா?" என்றாள் பக்கத்தில் இருந்த ஜெயசித்ரா. எங்கள் தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியத்தில், ஜெபம் நடத்துவதில் எனக்கு அடுத்தபடி அவள்தான். தலையாட்டினேன். அது பொய். ஆக, இப்போது இரண்டு.

வரும்போது அடுத்த ஞாயிறு பூசையை யாருக்காக ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று கருத்துச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். நினைவில்லாமல் கிடக்கும் ரெஜினா சுகம் பெற.

20 ஜூலை, ஞாயிறு

நாற்பது வருஷமாகக் கேட்கிறேன், கருத்துச் சீட்டை மைக்கில் வாசிப்பதை. எப்படி மறந்தேன்?

உபதேசியார் ராசாங்கத்துக்கு மைக்கே வேண்டாம். "ஆஸ்பத்திரியில் நினைவிழந்து கிடக்கும் ரெஜினா என்ற மகளின் உடல்நலத்துக்காக. ஒப்புக்கொடுப்பவர் இருசம்மாள் குடும்பத்தார்." கோயிலே என்னைத் திரும்பிப் பார்த்தது.

சாயங்காலம் அன்பியமே வீட்டுக்கு வந்துவிட்டது. ஹார்லிக்ஸ், சாத்துக்குடி, ரொட்டி. வந்ததும் ஜெபமாலையைத் தொடங்கிவிட்டார்கள். முழுசாக ஐம்பத்துமூன்று மணி. ஜெயசித்ரா அழுதே விட்டாள். முடித்ததும் விக்கி பக்கம் திரும்பினாள்.

"ஏம்ப்பா, கல்யாணத்தத்தான் சொல்லல. ரெஜினா எந்த ஊருப் பொண்ணு? செந்துறையா?"

"அப்பத்தாவையே கேளுங்க அத்தை. எனக்கு எப்ப கல்யாணம் ஆச்சுன்னு நானும் தெரிஞ்சுக்கணும்."

சொல்லிவிட்டேன். "டிவியில குத்துச்சண்டை போடுற புள்ள. மெக்சிகோ. நாந்தான் அவள அடிக்கச் சொல்லிக் கத்துனேன்."



"ஜெபம் சொல்லித் தர்ற வாயாக்கா இது!" என்று ஜெயசித்ரா எழுந்தாள். ஹார்லிக்ஸைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். சாத்துக்குடியை விட்டுவிட்டுப் போனாள்.

22 ஜூலை

பங்குச் சாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சாமி கேட்டார்.

"எத்தனாவது ரவுண்டுல விழுந்துச்சு?"

"ஆறுல, சாமி."

"விழுந்தப்புறமும் கத்துனீங்களா?"

"இல்ல சாமி. வாயி ஒட்டிக்கிச்சு."

அபராதமாக ரெஜினா பேரைச் சொல்லித் தினம் ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம். பெர்லாவுக்கும் ஒன்று. 'அவளுக்கும் தூக்கம் இருக்காது' என்றார். அதை நான் நினைக்கவே இல்லை. இனிமேல் பார்க்கலாமா என்று கேட்டேன். "அத நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க" என்றார். சாமியும் பார்ப்பாரோ?

27 ஜூலை, ஞாயிறு

சாமி மன்னித்துவிட்டார். ஆனாலும் நற்கருணைக்குக் கால் எழவில்லை.

29 ஜூலை

ஜெயசித்ரா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான்.

"அந்தப் புள்ளைக்கு எப்புடி இருக்காம்?"

"இன்னும் முழிக்கல."

"ம்." போய்விட்டாள். ஐம்பத்துமூன்று மணி உருட்டியவளால் விட்டுவிட முடியுமா?

31 ஜூலை

விக்கி ஆலையிலிருந்து போன் போட்டான். "அப்பத்தா, கண்ணு முழிச்சுட்டா! பேசுறாளாம்!"

செருப்புகூடப் போடாமல் ஜெயசித்ரா வூட்டுக்கு ஓடுனேன். சொன்னேன். ரெண்டு பேரும் வாசல்லயே நின்னு அழுதோம். அந்த ஹார்லிக்ஸைப் பிரித்து ஆளுக்கொரு டம்ளர் ஆற்றினாள்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

நற்கருணை வாங்கினேன்.

21 செப்டம்பர், ஞாயிறு

இன்று பெர்லா சண்டை. பார்ப்பதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். நான் முடிவு செய்வதற்குள் அன்பியத்திலிருந்து எட்டுப் பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சட்டம் போட்டவள் ஜெயசித்ரா. தொடங்குமுன் இருவர் பேரும் சொல்லி ஜெபம். 'அடி' என்று யாரும் சொல்லக் கூடாது. வேண்டுமானால் 'பாத்து, பாத்து' என்று சொல்லலாம், அதுவும் இருவருக்கும்.

மூன்றாவது ரவுண்டில் முதலில் எழுந்து நின்றது ஜெயசித்ரா. "பாத்து!" என்று அவள் போட்ட சத்தத்தில் தெரு நாய் குரைத்தது.

பெர்லா தோற்றுவிட்டாள். நல்லவேளை, யாரும் விழவில்லை. எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அந்த இடது கை... இன்னும் அலுக்கவில்லை. இது ஆண்டவருக்குப் பிடிக்குமா என்று இன்னும் தெரியவில்லை. தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ராத்திரி ஜெபத்தில் வெற்றி, தென்றல், விக்கி என்று வரிசையாகச் சொல்லிவரும்போது நாலாவதாக ரெஜினாவும் வந்துவிடுகிறாள். அவள் இனி சண்டைக்குப் போகவில்லையாம். அவள் போட்டோவையும் விக்கி அச்செடுத்து வந்து வரிசையில் மாட்டியிருக்கிறான். பழைய போட்டோ. இரண்டு கையையும் மூடித் தூக்கிக்கொண்டு முறைக்கிறாள்.

"டேய், போன்ல அந்தப் புள்ளையோட பக்கம் இருக்குமே, அதுல எழுதிப் போடு. அரியலூர்ப் பக்கம் ஒரு அப்பத்தா கேக்குறான்னு எழுது. தலையில முடி மொளச்சதும், அவங்க அப்பத்தாகூட உக்காந்து சிரிச்சாப்புல புதுசா ஒரு போட்டோ போடச் சொல்லு."